தேர்வு இல்லை, மாதம் ரூ.9,000... ஆனால் இது வேலை இல்லை! பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சிக்கு செங்கல்பட்டு, மாமல்லபுரம் இளைஞர்கள் விண்ணப்பிப்பது எப்படி?

"போக்குவரத்துக் கழகத்தில் வேலை. எக்ஸாம் கிடையாது. டிகிரி போதும். உடனே அப்ளை பண்ணுங்க."

இப்படி ஒரு ஃபார்வர்டு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். செங்கல்பட்டில் டிகிரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி-க்குப் படித்துக்கொண்டிருக்கும் அக்கா, மாமல்லபுரத்தில் வேலை தேடும் தம்பி என்று எல்லோருக்கும் யாராவது ஒருவர் இதை அனுப்பியிருப்பார். இந்த மெசேஜில் பாதி உண்மை. தேர்வு கிடையாது, டிகிரி போதும் என்பதெல்லாம் சரி. ஆனால் அது 'வேலை' இல்லை, ஓராண்டு பயிற்சி.

அந்தப் பாதி உண்மையை நம்பி சேருபவர்கள், வருடக் கடைசியில் "பெர்மனென்ட் பண்ணலையே" என்று ஏமாந்து போகிறார்கள். இன்னொரு பக்கம், "9,000 ரூபாய்க்கு எவன் போவான்" என்று ஒதுக்குபவர்கள், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள். இந்தத் திட்டம் என்ன, யார் விண்ணப்பிக்கலாம், கையெழுத்து போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இது என்ன திட்டம்?

இதன் பெயர் தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். சுருக்கமாக 'நாட்ஸ்'. மத்திய கல்வி அமைச்சகம் நடத்துகிறது. இதன் சட்ட அடிப்படை 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம்.

முதலில் இந்தச் சட்டம் ஐடிஐ போன்ற தொழில் பிரிவுகளுக்கு மட்டும்தான் இருந்தது. 1973-ல் செய்த திருத்தத்தில் இன்ஜினீயரிங் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் உள்ளே வந்தார்கள். 2014-ல் வந்த திருத்தம்தான் கலை, அறிவியல் படித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. அதனால் இன்றைக்கு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. முடித்தவர்களும் பட்டதாரி அப்ரண்டிஸ் ஆகலாம். "பி.ஏ. தமிழுக்கும் உண்டா?" என்று கேட்டால், உண்டு. இதை எழுதுபவரும் பி.ஏ. தமிழ்தான்!

தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில், சிஐடி வளாகத்தில் இருக்கிறது. பெயர், தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் (தென் மண்டலம்). செங்கல்பட்டிலிருந்து வருபவர்கள் மின்சார ரயிலில் கிண்டி வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஈ.சி.ஆர். வழியாகத் திருவான்மியூர் வந்தால் தரமணி பக்கம்தான். ஆனால் விண்ணப்பிக்க அங்கே போக வேண்டியதில்லை. எல்லாமே ஆன்லைன்.

யார் விண்ணப்பிக்கலாம்?

பொதுவாக அறிவிப்புகளில் இருக்கும் நிபந்தனைகள் மூன்று.

1. டிகிரி முடித்து 5 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். எந்தெந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் தெளிவாக இருக்கும்.

2. ஏற்கெனவே அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவராகவோ, இப்போது பயிற்சியில் இருப்பவராகவோ இருக்கக் கூடாது.

3. ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் இருக்கக் கூடாது.

இரண்டாவது, மூன்றாவது நிபந்தனைகளைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது ஒரு முறை மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு. கிடைத்த முதல் இடத்தில் சேர்ந்து, பயிற்சியை முடித்துவிட்டு, "அடுத்த வருஷம் இன்னும் நல்ல கம்பெனியில் அப்ரண்டிஸ் போகலாம்" என்று நினைத்தால் முடியாது. அதேபோல, ஏதோ ஒரு அலுவலகத்தில் சின்னச் சம்பளத்துக்கு ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டாலும் இந்தக் கதவு மூடிவிடும். காலேஜ் முடித்த முதல் வருடத்தில் எடுக்கும் முடிவு முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் எங்கே இடம் கிடைக்கும்?

போக்குவரத்துக் கழகங்கள்: தமிழ்நாட்டில் 8 அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருக்கின்றன. இவை பட்டதாரி, டிப்ளமோ அப்ரண்டிஸ்களைச் சேர்ப்பதற்கான அறிவிப்புகளை வெளியிடுகின்றன. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் போன்ற இன்ஜினீயரிங் பிரிவுகளோடு கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கும் தனி இடங்கள் உண்டு. செங்கல்பட்டு பகுதி விழுப்புரம் கழகத்தின் காஞ்சிபுரம் மண்டலத்தில் வருகிறது. மாமல்லபுரம் வரை பஸ் ஓட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் அறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். எந்தக் கழகம், எந்த மண்டலம் என்பதைக் கவனிக்காமல் விண்ணப்பித்தால், வீட்டிலிருந்து தினமும் போய்வர முடியாத ஊரில் இடம் கிடைக்கலாம்.

கல்பாக்கம்: மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலையமும் ஐடிஐ, டிப்ளமோ, பட்டதாரி அப்ரண்டிஸ் அறிவிப்புகளை வெளியிட்டு வந்திருக்கிறது. சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் பக்கத்து இளைஞர்கள் இதைத் தொடர்ந்து கவனிப்பது நல்லது.

தனியார் நிறுவனங்கள்: மறைமலை நகர், மகிந்திரா வேர்ல்டு சிட்டி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் மட்டுமல்ல, ஈ.சி.ஆர். ஓரத்து ரிசார்ட்டுகளும் ஹோட்டல்களும்கூட இந்தச் சட்டத்துக்குள் வரலாம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம், மொத்தப் பணியாளர்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைச் சேர்க்க வேண்டும் என்பது 2019-ல் திருத்திய விதி. ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அதாவது, 200 பேர் வேலை பார்க்கும் ஒரு ரிசார்ட் என்றால் குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 30 பேர். இதில் ஐடிஐ, பட்டதாரி என எல்லா வகை அப்ரண்டிஸ்களும் அடக்கம்.

விண்ணப்பிப்பது எப்படி?

கையில் தயாராக இருக்க வேண்டியவை: ஆதார், ஆதாருடன் இணைத்த மொபைல் நம்பர், அடிக்கடி பார்க்கும் இமெயில், டிகிரி அல்லது புரொவிஷனல் சான்றிதழ், மார்க் ஷீட், போட்டோ, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இடஒதுக்கீட்டில் வருபவர்கள் சாதிச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

முதல் படி: நாட்ஸ் இணையதளத்தில் 'மாணவர்' என்ற பிரிவில் பதிவு செய்யுங்கள். போலித் தளங்கள் இருக்கலாம். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் நம்பரைப் போடுங்கள்.

இரண்டாம் படி: பதிவு முடிந்ததும் என்ரோல்மென்ட் நம்பர் வரும். இதைக் குறித்து வையுங்கள். உங்கள் விவரங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தர ஒரு நாளாவது ஆகும். கடைசித் தேதி அன்று ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து பதிவு செய்தால் சிக்கல் இங்கேதான். ஒப்புதல் வருவதற்குள் தேதி முடிந்துவிடும்.

மூன்றாம் படி: பலர் கோட்டை விடுவது இங்கே. பதிவு செய்வது வேறு, விண்ணப்பிப்பது வேறு. என்ரோல்மென்ட் நம்பர் வந்ததும் "அப்ளை பண்ணியாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மறுபடி லாகின் செய்து, அறிவிக்கப்பட்ட காலியிடங்கள் பகுதிக்குப் போய், நீங்கள் விரும்பும் நிறுவனத்தைத் தேடி 'அப்ளை' கொடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதோடு தனிப் படிவத்தையும் நிரப்பி அனுப்பச் சொல்லும். அறிவிப்பை முழுசாகப் படித்துவிடுங்கள்.

நான்காம் படி: நிலை என்ன என்று அவ்வப்போது லாகின் செய்து பாருங்கள். அழைப்பு பெரும்பாலும் இமெயிலில்தான் வரும். ஸ்பேம் ஃபோல்டரையும் பார்க்க மறக்காதீர்கள். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்பவர்கள், கடைக்காரரின் இமெயிலையோ மொபைல் நம்பரையோ கொடுக்கவே கூடாது. அழைப்பு அவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "போஸ்டிங் வாங்கித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

எப்படித் தேர்வு செய்வார்கள்?

போக்குவரத்துக் கழக அறிவிப்புகளில் எழுத்துத் தேர்வு கிடையாது. டிகிரியில் நீங்கள் வாங்கிய மதிப்பெண் சதவீதத்தை வைத்துப் பட்டியல் தயாராகும். தமிழ்நாடு அரசின் இடஒதுக்கீட்டு முறையும் பின்பற்றப்படும். பட்டியலில் வருபவர்களைச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவார்கள். வந்துபோகும் செலவு உங்களுடையது.

எனவே, பதிவு செய்யும்போது சதவீதத்தைத் தப்பாகப் போட்டால், அது எழுத்துப்பிழை மாதிரி சின்ன விஷயம் இல்லை. பட்டியலில் வந்தபிறகும் சரிபார்ப்பில் வெளியேற்றப்படுவீர்கள். மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்புங்கள்.

9,000 ரூபாய்... கணக்கு எப்படி?

2019 விதிப்படி பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000. நிறுவனம் விரும்பினால் கூடுதலாகத் தரலாம், குறைக்க முடியாது. 2025 மே மாதம் நடந்த மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் கூட்டத்தில் ரூ.5,000 - 9,000 என்று இருக்கும் உதவித்தொகையை ரூ.6,800 - 12,300 ஆக உயர்த்தப் பரிந்துரை செய்யப்பட்டது. எனவே விண்ணப்பிக்கும் முன் அந்த அறிவிப்பில் எந்தத் தொகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கணக்கு.

குறைந்தபட்சத் தொகையில் பாதியை, அதாவது ரூ.4,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. முன்பு நிறுவனம் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்பக் கேட்கும். 2024 ஜூலையில் புதுப்பிக்கப்பட்ட நாட்ஸ் 2.0 தளம் வந்தபிறகு, அரசின் பங்கு நேரடியாகப் பயிற்சி பெறுபவரின் வங்கிக் கணக்குக்கு வரும் முறை வந்திருக்கிறது. அதனால் உங்கள் பணம் இரண்டு பகுதியாக வரலாம். "கம்பெனி பாதிதானே போட்டிருக்கு" என்று பதறும் முன் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைக்காவிட்டால் அரசின் பங்கு வந்து சேராது. நிறுவனம் தரவேண்டிய தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

சரி, கட்டுப்படியாகுமா? 26 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 346 ரூபாய். இதில் பஸ், ரயில், மதியச் சாப்பாடு போக என்ன மிஞ்சும் என்று நீங்களே ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து போய்வந்தால் சமாளிக்கலாம். சாதாரண நகரப் பேருந்தில் போகும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால் அந்தச் செலவு மிச்சம். ஆனால் ரூம் எடுத்துத் தங்க வேண்டிய ஊரில் இடம் கிடைத்தால், வீட்டிலிருந்துதான் பணம் வாங்க வேண்டியிருக்கும். மண்டலத்தைப் பார்த்து விண்ணப்பிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கையெழுத்து போடும் முன் இதைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வையுங்கள்: பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது அப்ரண்டிஸ் பயிற்சியே இல்லை.

நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையே அப்ரண்டிஸ் ஒப்பந்தம் போட வேண்டும். அது நாட்ஸ் தளத்தில் ஏற்றப்பட்டு, அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் பதிவாக வேண்டும். உங்கள் லாகினில் அந்த ஒப்பந்தம் தெரிய வேண்டும்.

"டிரெய்னி", "இன்டர்ன்", "அப்ரண்டிஸ் மாதிரிதான்" என்றெல்லாம் சொல்லி, ஒரு லெட்டர் பேடில் ஆர்டர் கொடுத்துச் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கே ஒரு வருடம் உழைத்தால் அரசுச் சான்றிதழ் கிடைக்காது. அதற்கு மேல், அந்த ஒரு வருடம் 'வேலை அனுபவம்' என்று கணக்கில் வந்து, உண்மையான அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் தகுதி போய்விடும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அதனால் சேரும் நாளில் ஹெச்.ஆர். அலுவலரிடம் தயங்காமல் கேளுங்கள்:

- ஒப்பந்தம் நாட்ஸ் தளத்தில் எப்போது ஏறும்?
- பயிற்சி எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும்?
- உதவித்தொகை எவ்வளவு, நிறுவனத்தின் பங்கு எவ்வளவு?
- எந்தப் பிரிவில் பயிற்சி, யார் பொறுப்பாளர்?
- இதற்கு முன் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுத்திருக்கிறீர்களா?

"சார், மேடம் கோபப்படுவாங்களோ" என்று யோசிக்க வேண்டாம். ஒரு வருடத்தைக் கொடுக்கப் போவது நீங்கள்.

உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாகப் பொருந்தாது. பி.எஃப். கிடையாது. ஆனால் கேட்க ஆளில்லாதவரும் இல்லை.

பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் பொறுப்பு. உரிய அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்ல முடியாது. ஒப்பந்த நிபந்தனைகளை நிறுவனம் மீறியதால் பயிற்சி பாதியில் நின்றால், கடைசியாக வாங்கிய உதவித்தொகையில் 3 மாதத் தொகையை இழப்பீடாகத் தர வேண்டும். நீங்கள் ஒப்பந்தத்தை மீறிப் பாதியில் போனால் பயிற்சிச் செலவைக் கேட்கவும் விதியில் இடம் உண்டு. கையெழுத்து போடும் முன் இதையும் படியுங்கள்.

தகராறு வந்தால் போக வேண்டிய இடம், தொழிற்பழகுநர் ஆலோசகர். பட்டதாரி அப்ரண்டிஸ்களைப் பொறுத்தவரை அது தரமணி வாரியம்தான். அவர் முடிவில் திருப்தி இல்லை என்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதற்கெல்லாம் கையில் ஆதாரம் வேண்டும். ஒப்பந்த நகல், வங்கி என்ட்ரி, வருகைப் பதிவு ஆகியவற்றை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு வேலை கிடைக்குமா?

நேரடிப் பதில்: உத்தரவாதம் கிடையாது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 2014 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும். அந்தக் கொள்கை என்ன என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கையில் கிடைப்பது அரசின் தகுதிச் சான்றிதழ். இதை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணி அனுபவமாகப் பதிவு செய்துகொள்ளலாம். "ஃப்ரெஷரா? அனுபவம் இல்லையே" என்று திருப்பி அனுப்பும் இன்டர்வியூவில், "ஒரு வருடம் டெப்போ அக்கவுன்ட்ஸ் பார்த்திருக்கிறேன்" என்று சொல்ல ஒரு வாய்ப்பு.

இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம்: 2024 அக்டோபரில் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு, பெரிய நிறுவனங்களில் 12 மாதம், மாதம் ரூ.5,000 என்று அறிவித்த வேறு திட்டம் இது. நாட்ஸ் பயிற்சி முடித்தவர்கள் இதில் சேர முடியாது. எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கல்பாக்கம் பயிற்சிப் பள்ளி: இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இயங்கும் பயிற்சிப் பள்ளியில் இன்ஜினீயரிங் பட்டதாரிகளுக்கும் அறிவியல் முதுநிலைப் பட்டதாரிகளுக்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு. கேட் மதிப்பெண் அல்லது தனி ஆன்லைன் தேர்வு, பிறகு நேர்முகத் தேர்வு. பயிற்சியில் குறைந்தது 50 சதவீதம் எடுத்தால் அறிவியல் அதிகாரி பணி. அங்கே உள்ளே போவதுதான் கஷ்டம், போய்விட்டால் வேலை இருக்கிறது. அப்ரண்டிஸ் பயிற்சி இதற்கு நேர் எதிர். உள்ளே போவது சுலபம், முடித்த பிறகு வேலையை நீங்கள்தான் தேட வேண்டும்.

அப்போ சேரலாமா?

வீட்டிலிருந்து போய்வரும் தூரம், பதிவான ஒப்பந்தம், நீங்கள் படித்த படிப்புக்குச் சம்பந்தமுள்ள பிரிவு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் தாராளமாகச் சேரலாம். ஒரு வருடம் சும்மா இருப்பதைவிடவும், ரசீது இல்லாத ஒரு வேலையில் தேய்வதைவிடவும் இது மேல்.

ஆனால் குடும்பம் உங்கள் வருமானத்தை நம்பித்தான் இருக்கிறது, கையில் இதைவிட அதிகச் சம்பளத்தில் முறையான வேலை இருக்கிறது என்றால், 'அரசு' என்ற வார்த்தைக்காக மட்டும் அதை விட வேண்டாம்.

அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் மெசேஜ் வரும்போது இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், அறிவிப்பை நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ நாட்ஸ் தளத்திலோ சரிபாருங்கள். பிறகு, அதை ஃபார்வர்டு செய்யும்போது 'வேலை' என்ற சொல்லை அடித்துவிட்டு 'ஓராண்டுப் பயிற்சி' என்று மாற்றி அனுப்புங்கள். அந்த ஒரு திருத்தம் உங்கள் தெருவில் யாரோ ஒருவர் ஏமாறாமல் இருக்க உதவும்.